கல் மனிதனின் காலடி நாய்

விடிய நாலு மணி. லண்டன் கோலியர்ஸ் வுட் பெருந்தெருவில் ஒரு நரி மட்டும் குப்பைப் பையை இழுத்துக்கொண்டிருக்கும்... அந்த நேரத்தில் அலுவலகம் துடைக்கப் போகிறவள் கனகவல்லி. என் மச்சானின் பக்கத்து வீட்டுக்காரி. கதை முடியும்வரை லைட் எரியட்டும், அணைக்க வேண்டாம்.

அவள் புருசன் தவராசாவுக்குப் பகலில் பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலை, பின்னேரம் பெற்றோல் ஷெட். கட்டிலில் விழுந்தாலும் நித்திரை வராது, கைகால் உளையும். மனுசன் இரண்டு நாளாவது ஓயட்டும் என்று 2005இல் அவள்தான் வெம்பிளியிலிருந்து பிரான்சுக்குச் சுற்றுலா போன பஸ்ஸில் இழுத்துப்போனாள்.

பஸ் ஒரு பழைய தேவாலயத்தடியில் நின்றது. அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். உள்ளே மெழுகும் ஈரக்கல்லும் மணத்தன. சுவரோரம் ஒரு கல்லறை. அதன்மேல் கல்லில் செதுக்கிய பிரபு மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் கூப்பிய கை. காலடியில் சுருண்ட கல் நாய்.

தவராசா பக்கத்திலேயே குந்திவிட்டார்.

"குடுத்துவைச்ச ஆளப்பா. ஷிப்ட் இல்லை, ஓவர்டைம் இல்லை. காவலுக்கு நாய் வேறை."

வெளியே ஹோர்ன் அடித்தது. எழும்பும்போது கல்லின் தோளில் தட்டினார்.

"சரி ஐயா, போட்டு வாறன்."

கனகவல்லி பதறிப்போனாள். "விசரே உங்களுக்கு? செத்தவீட்டிலை ஆரும் போய் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுறவையே?"

"கல்லுக்குத்தானே சொன்னனான்."

லண்டன் திரும்பிய இரவு அவர் படுத்ததும் தூங்கினார். குறட்டை இல்லை... விடிய எழும்பிப் பார்த்தாள். மல்லாந்து கிடந்தார். கால்கள் சேர்ந்திருந்தன. நெஞ்சில் கூப்பிய கை. உலுப்பினாள். கன்னம் ஐஸ். கடைசியில் கண் திறந்தார்.

"ஏனப்பா எழுப்பினனீர்? இவ்வளவு வருசத்திலை இண்டைக்குத்தான் நித்திரை கொண்டனான்."

பிறகு ஒவ்வொரு இரவும் அப்படித்தான். ஒவ்வொரு விடியலும் எழுப்ப இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஒருநாள் விடிய, அவள் வேலைக்கு வெளிக்கிடுமுன், மாடிப்படியில் நகம் தட்டும் சத்தம். டக்... டக்... அந்த வீட்டில் நாய் இல்லை. அவள் லைட்டைப் போட்டாள். போர்வையில், அவர் காலடியில், வட்டமாய் ஒரு பள்ளம். கை வைத்தாள். கல்லின் குளிர். மெழுகு மணம்...

பள்ளம் மெல்ல ஏறி இறங்கியது.

அவரைப் பிடித்து உலுப்பினாள். "படுக்க விடுமப்பா," என்றார், கண் திறக்காமல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை. கோட்டை எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். நாளும் சொல்கிற "போட்டு வாறன்" நாக்கு நுனிவரை வந்தது. அவர் காலடியில் கிடப்பதன் காதில் விழுந்துவிடும்... வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

தெருக்கதவைச் சாத்தி, பூட்டும் விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லாமல் வந்துவிட்டாள். செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடுவதுபோல.