பின்னால் கிடந்த நாற்பது மீட்டர்

நன்றாக ஆடுகிற அணியில் கோல்கீப்பராக இருப்பதைப் போலப் போரடிக்கும் வேலை வேறு கிடையாது, சார். பந்து அந்தப் பக்கமே வராது. எங்கள் கல்லூரி கோல்கீப்பர் அரையிறுதியில் கொட்டாவி விட்டதை நான் போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

இறுதிப் போட்டியில் நடந்ததற்கெல்லாம் காரணம் பி.டி. மாஸ்டர்தான் என்று சொல்லி அவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அது தப்பு. மாஸ்டருக்கு விசில் ஊதத் தெரியும், அவ்வளவுதான். வியூகம் முழுக்க என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்த விசாரணைக்கு நானாகவே வந்தேன்.

நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. ஆனால் கால்பந்து அணியை நிர்வகிக்கிற கம்ப்யூட்டர் கேம் ஒன்றை நாலு வருஷமாக ஆடுகிறேன். பதினோரு கோப்பை. அதனால் எனக்கு 'கோச்' என்று பெயர். வைத்தது என் அண்ணன். கிண்டலுக்குத்தான் வைத்தான். மாஸ்டர் அதை நம்பிவிட்டார்.

பலமான அணியைக் கண்டால் எதிரணி தன் கோல் வாசலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது நம் தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்த வேண்டும். பந்து பறிபோன நொடியில் மூன்று பேர் பாய்ந்து நெருக்க வேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல். வரிசைக்குப் பின்னால் நாற்பது மீட்டர் காலியாகக் கிடக்கும். யாராவது அங்கே பந்தைத் தூக்கிப் போட்டால், திரும்பி ஓடிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் என் அண்ணன். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். கேமில் ஒவ்வொரு வீரனின் வேகத்துக்கும் இருபதுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் உண்டு. அண்ணனுக்கு நான் பத்தொன்பது போட்டிருந்தேன். மூச்சுத் திறனுக்குப் பதினாலுதான். கூடப் பிறந்தவன் என்று கூட்டிப் போடவில்லை.

இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பயிற்சியில் மயங்கி விழுந்தான். டெஸ்ட் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அவனுக்கு லேப் இருந்ததால் ரிப்போர்ட் வாங்க நான் போனேன்.

"தம்பியா நீங்க? அவருக்கு இதயச் சுவர் தடிச்சிருக்கு. மாடிப்படிகூட வேகமா ஏறக் கூடாது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

நாளைக்குத்தான் மேட்ச். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கேமிலும் ஒரு டாக்டர் உண்டு, சார். களைத்த வீரன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயம் போட்டு, ஓய்வு கொடுங்கள் என்பார். எல்லாருக்கும் அதையேதான் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தால் களத்தில் இறக்கப் பதினோரு பேர் தேற மாட்டார்கள். அவர் பேச்சைத் தள்ளிவிட ஒரு பட்டன் இருக்கிறது. நாலு வருஷமாக அழுத்துகிறேன். ஒருவரும் செத்ததில்லை.

வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"ஒடம்புல தண்ணி பத்தலையாம்ணா. நிறையக் குடிக்கணுமாம்."

"இதுக்குத்தான் அத்தன ஊசி குத்தினாங்களா? நான்கூட பயந்தே போயிட்டேன்டா."

"காலேஜ் பூரா ஓடத் தெரியுது, ஒரு டம்ளர் தண்ணி குடிக்கத் தெரியல," என்றாள் அம்மா. மறுநாள் இரண்டு பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு அவளே மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

எதிரணி நான் நினைத்தபடியே பின்னால் உட்கார்ந்து, பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அண்ணன் இருபத்தாறு முறை திரும்பி ஓடினான். இருபத்தாறு முறையும் அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். குறித்து வைத்திருக்கிறேன்.

எழுபதாவது நிமிஷம் கோட்டோரம் வந்தான்.

"டேய் கோச்சு, நெஞ்ச அடைக்குதுடா. ஒரு பத்து மீட்டர் பின்னாடி எறங்கி நிக்கட்டுமா?"

"நீ எறங்கினா மொத்த வரிசையும் எறங்கிடும்ணா. அப்புறம் நெருக்கவே முடியாது. இருபது நிமிஷந்தான்."

"உத்தரவு மொதலாளி," என்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

மாற்று ஆள் என் பக்கத்திலேயே ஷூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேகம் பதினொன்று.

இருபத்தேழாவது முறையும் அண்ணன்தான் முந்தினான். பந்தை வெளியே தட்டிவிட்டு உட்கார்ந்தான். பிறகு படுத்தான். நேரம் கடத்துகிறான் என்று எதிரணிக்காரர்கள் கத்தினார்கள். நடுவர் மஞ்சள் அட்டையை உருவிக்கொண்டு நடந்தார். கிட்டே போய்ப் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முன்னாடி இதயத்துல ஏதாவது பிரச்சன இருந்துச்சா?" என்று ஆம்புலன்ஸில் வந்தவர் கேட்டார்.

"இல்லைங்க, தண்ணி பத்தலன்னுதான் சொன்னாங்க," என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

இதுதான் அந்த ரிப்போர்ட். மாஸ்டருக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். தெரிந்துதான் ஓடவிட்டேன். அவன்மேல் எனக்குக் கோபமோ பொறாமையோ கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் என்னோடு பேசிச் சிரித்த ஒரே ஆள் அவன்தான்.

போன வாரம் அதே போட்டியைக் கேமில் போட்டுப் பார்த்தேன். அண்ணன் இடத்தில் வேகம் பதினொன்று உள்ளவனை நிறுத்தி, வரிசையைப் பத்து மீட்டர் பின்னால் இறக்கினேன். மூன்று முறை ஆடினேன். மூன்று முறையும் நாங்கள்தான் ஜெயித்தோம்.

அதை வைத்து, அண்ணன் ஓடியிருக்கவே வேண்டாம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அது வெறும் கம்ப்யூட்டர் கேம், சார். அதை நம்பி ஓர் ஆளின் உயிர் விஷயத்தில் யாராவது முடிவெடுப்பார்களா?