படகில் ஒரு இடம்

— மிஷின நிறுத்துடா ஸ்டீபா! சாவறதுக்கு மின்னாடியே பெத்த அப்பன மரத்தூசில பொதைக்கிறியா?

— இரு நைனா, இந்த ஓரம் மட்டும். உள்பக்கம் தேய்ச்சு முடிச்சா பைபர் துணி போட்டு ரெசின் பசை ஊத்திரலாம். அப்பால படகு ரெடி, பாத்துக்க.

— ஊடா இது, மரம் அறுக்கற மில்லா? மனுசன் படுத்துக்கினு கீற ஹாலு. கட்டிலுக்கும் படகுக்கும் நடுவுல கால நீட்ட எடமில்ல. ஏய் பிரின்சி! எங்க போய்த் தொலைஞ்ச?

— இங்கதான் இருக்கேன் மாமா. வெந்நீர் கொண்டாந்தேன். மெதுவா குடிங்க.

— த்தூ! இதுலயும் மரவாசன. ஒரு டம்ளர் தண்ணிய மூடி எடுத்தாரத் தெரியாதா உனுக்கு? மருமவளா வந்தது, ஒரு வேலைக்கு லாயக்கு இல்ல. அது இன்னா மூஞ்சில? புருசனும் பொண்டாட்டியும் மாஸ்க்கு மாட்டிக்கினீங்க, எனக்கு எங்க?

— உங்களுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது. அதையும் போட்டு மூக்க மூடினா இன்னும் அடைக்கும் மாமா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— அப்போ ஜன்னலயாச்சும் தொற.

— ஈரக் காத்து பட்டா மரம் உப்பிக்குமாம். ரெசின் புடிக்காதாம். அவருதான் சொன்னாரு.

— ஆமா நைனா. கும்மிடிப்பூண்டில எங்க கம்பெனில பைபர் டேங்கு போடுறப்பவே ஈரம் ஆவாது. இது அதவிட நைசு வேல. வெரல் அகலப் பட்டை. ஒண்ணோட ஓரம் குழி, இன்னொண்ணோட ஓரம் மேடு. பசை தடவி, ஒண்ணுமேல ஒண்ணு உக்கார வெச்சு, அச்சு மேல வளைச்சு வளைச்சு... பசை காஞ்சதும் பின்னு எல்லாத்தையும் புடுங்கிட்டேன். உள்ள ஒரு ஆணி கெடையாது. கைய வெச்சுப் பாரேன். கொழந்த முதுகு மாதிரி கீது.

— கொழந்த முதுகு! நல்லா சொன்னடா. பெத்துப் பொழைக்க வைக்கத் துப்பு இல்லாதவளுக்கு எம் புள்ள மரத்துல ஒரு கொழந்த செஞ்சு தரான்!

— நைனா, அந்தப் பேச்சு வேணாம்.

— இன்னாடா வேணாம்? அவ இன்னா, அழுவுறாளா? கல்லு மாதிரி நிக்கிறா பாரு. உன் படகாலதான்டா எனக்கு வேப்பம்பட்டுல தல காட்ட முடியல. சர்ச்சு வாசல்ல மடக்கி மடக்கிக் கேக்கறானுங்க. ‘யேசுதாஸு, உம் புள்ள இனிமே ரயில்ல போவமாட்டானாமே, வேலைக்கே படகுலதான் போவப் போறானாமே’ன்னு. நான் இன்னா பதில் சொல்றது?

— சிரிச்சிட்டுப் போவட்டும். அடுத்த தபா வெள்ளம் வந்தா எவனோட போட்டுக்கும் நாம கைய நீட்டிக்கினு நிக்க வேணாம்.

— இதுல சீட்டு ரெண்டுதானேடா போட்டுக்கீற? எனக்கு எங்க?

— உனக்கும் எடம் யோசிச்சு வெச்சிக்கீறேன் நைனா. பிரின்சி, நான் ஸ்டேசன் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன். தாவீது துடுப்பு கொண்டாரான்.

— எந்தத் தாவீது?

— அன்னிக்கு வெள்ளத்துல ரப்பர் போட்டுல உன்ன ஏத்திக்கினு போனானே, அந்தத் தாவீதுதான்.

— அவன்கிட்ட உனுக்கு இன்னாடா பேச்சு?

— பேச்சு இன்னா பேச்சு, துடுப்பு வாங்கத்தான். நைனாவ பாத்துக்க பிரின்சி.

— நான் பாத்துக்கறேங்க. பொறுமையா போய்ட்டு வாங்க.

— போயிட்டானா?

— போயிட்டாரு மாமா. வண்டி தெருமுனை தாண்டிருச்சு.

— இந்தா, ஒரு வண்டி சொல்லு. என்ன ஆரணிக்கு, சோனியா ஊட்டுக்கு அனுப்பு. எம் பொண்ணு என்னப் பாத்துப்பா. கிறிஸ்துமஸுக்கு அங்க போய் இருந்தேனே, ஒரு இருமல் இல்ல. கறி சோறு துண்ணுட்டு நல்லாத் தூங்கினேன். இந்த வாசப்படில கால் வெச்சேன், புடிச்சுக்கிச்சு.

— தெரியும் மாமா.

— இன்னா தெரியும்?

— அங்க போனா உங்களுக்குச் சரியாயிரும்னு தெரியும். அதான் மறுபடி அனுப்பல.

— இன்னாமே சொல்ற?

— இது சிடார் மரம் மாமா. காக்களூர்ல எங்க கம்பெனில வெளிநாட்டுக்குப் பொட்டி பண்ண வருது. பென்சில் சீவின மாதிரி என்னா வாசன! ஆனா அந்தத் தூசி சில பேருக்கு ஆவாது. என் பக்கத்து மிஷின்ல செல்வின்னு ஒரு பொண்ணு இருந்தா. ஓடி ஓடி வேல செஞ்சவ. கடைசில நாலு படி ஏற முடியாம சுவத்தப் புடிச்சுக்கினு நின்னா. டாக்டரு, ‘உசுரு வேணும்னா இந்த மரத்த உட்டு ஓடிப் போயிரும்மா’ன்னுட்டாரு. அதுலேர்ந்து மாஸ்க் இல்லாம எங்கள உள்ள உடறதில்ல.

— அந்த மரமா... இது?

— அதே மரம்தான். கழிச்சுப் போட்ட பட்டைங்கள நான்தான் சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக் கொண்டாந்தேன். படகு கட்டற வீடியோவ அவருக்குப் போட்டுக் காட்டினது நான். அவரு பாவம், உடனே புடிச்சுக்கினாரு. எங்க வெச்சுக் கட்டச் சொல்றதுன்னு யோசிச்சுக்கினு இருந்தேன். அவரே ‘ஹால்லயே கட்டலாம்’னாரு. அடுத்த வாரமே உங்களுக்கு இருமல் வந்துருச்சு.

— டாக்டரு கேட்டாரே... ஊட்ல தூசி எதனா கீதான்னு...

— கேட்டாரு. ‘தூசி ஒண்ணும் இல்ல சார், மாமா அந்தக் காலத்துல பீடி குடிச்சாரு’ன்னு சொன்னேன்.

— அடிப்பாவி! கொலகாரி!

— கத்தாதீங்க மாமா, மூச்சு வாங்கும்.

— ஏன்டி? நான் உனுக்கு இன்னா பண்ணேன்?

— மறந்துட்டீங்களா? வெள்ளம் வந்த அன்னிக்கு அவரு கும்மிடிப்பூண்டில ஷிப்டுல மாட்டிக்கினாரு. நீங்களும் நானும் மொட்ட மாடில நின்னோம். போட்டுல ஒரு எடம்தான் இருந்துச்சு. தாவீது அண்ணன் ‘புள்ளத்தாச்சி, நீ ஏறும்மா’ன்னு கைய நீட்டினாரு. நான் ஒரு கால எடுத்து வெச்சேன். நீங்க என்னத் தள்ளிட்டு, ‘ஐயோ, மூச்சு அடைக்குது, செத்துருவேன்’னு நெஞ்சப் புடிச்சுக்கினு ஏறினீங்க.

— நெசமாவே அடைச்சுதுடி...

— கரையில எறங்கினதும் டீக்கடைல நின்னு பஜ்ஜி துண்ணீங்களாமே? அங்க இருந்த சாராள் அக்கா சொல்லிச்சு. தண்ணி ஏறினதுல போட்டு திரும்பி வர முடியல. நான் தார்ப்பாய்க்கு அடியில தனியா பெத்தேன். அது அழவே இல்ல. மழ சத்தத்துல எனக்குத்தான் கேக்கலியோன்னு காதுகிட்ட வெச்சு வெச்சுப் பாத்தேன் மாமா.

— அது கர்த்தர் சித்தம்டி... அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?

— அன்னிக்கு உங்களுக்குப் பொய்யா அடைச்சுது. இப்போ நெஜமா அடைக்கட்டும்.

— வரட்டும், எம் புள்ள வரட்டும். ‘அவளேதான் நீங்க போங்க மாமான்னு அனுப்பிச்சா’ன்னு அவன்கிட்ட அன்னிக்கே சொல்லி வெச்சுட்டேன். அவன் எம் பேச்சத்தான் நம்புவான். இன்னிக்கே உன்ன மயிரப் புடிச்சுத் தெருவுல தள்றான் பாரு!

— தள்ளுவாருதான். தெரிஞ்சா அவரு உடமாட்டாரு, உங்க மேல அவ்ளோ உசுரு. அதனாலதான் இத்தினி நாளா வாயத் தொறக்கல. அவரு வர்ற வரைக்கும் படுங்க மாமா. போர்வையெல்லாம் தூசி, உதறி உடறேன்.

— உதறாதடி! தள்ளு... ஜன்னல... நானே... நானே தொறந்துக்கறேன்... ஸ்டீபா! டேய் ஸ்டீபா!

— இன்னா நைனா, வாசல் கேட்டு வரைக்கும் கேக்குது உங் கூச்சலு? பிரின்சி, துடுப்பப் புடி. ஜன்னல ஏன் தொறந்து போட்டுக்கீது?

— டேய், இவ என்னக் கொல்றாடா! இந்த மரத்தூசி வெஷம்டா! தெரிஞ்சே ஊட்டுக்குள்ள கொண்டாந்துக்கீறா! செல்வின்னு ஒருத்தி... அவளுக்கும் மூச்சு போச்சாம்... நீயே கேளுடா, அவ வாயாலயே சொன்னா!

— சொன்னியா பிரின்சி?

— சொன்னேங்க. எல்லாம் சொல்லிட்டேன். என்ன இன்னா வேணா பண்ணுங்க.

— பாத்தியா! ஒத்துக்கினா பாத்தியா! அடிச்சுத் தொரத்துடா அவள!

— மொதல்ல நீ ஒக்காரு நைனா. கட்டில்ல ஒக்காரு. செல்வி புருசன் லோகு என்னோட ஷிப்டுதான். மொத பட்டைய ஒட்டறதுக்கு மின்னாடியே இந்தத் தூசி இன்னா பண்ணும்னு எனக்குச் சொல்லிட்டான்.

— இன்னாடா... இன்னா சொல்ற?

— போட்டுல யாரு ஏற வேண்டியது, யாரு ஏறினதுன்னு தாவீது அதுக்கும் மின்னாடியே சொல்லிட்டான்.

— ஸ்டீபா... நான் உன்னப் பெத்தவன்டா...

— மொட்ட மாடி காலியாத்தான் கெடந்துச்சு நைனா. உங் கட்டிலு பக்கத்துல வெச்சுக் கட்டணும்னு முடிவு பண்ணது நான். பிரின்சி, அந்த ஜன்னல மூடு. உள்பக்கம் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கு.