அடுத்த நாள் வயலில் இறங்கலாம்

ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஒன்றுக்கு ஆசிரியர் பெயரை அடுத்து ஆண்டு வேண்டும். இன்னொன்றுக்கு ஆண்டு கடைசியில்தான் வர வேண்டும். ஒன்று இதழின் பெயரைச் சாய்வெழுத்தில் கேட்கும். முனைவர்கள் எழுதும் கட்டுரைகளின் கடைசியில் ஆதாரமாக வரும் ரெஃபரன்ஸ் பட்டியலை இந்த விதிகளுக்கு ஏற்பச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். பெயர் பஞ்சநதம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் மாடிக் கடை. நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

நான் முனைவர் இல்லை. என் நெறியாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழை இலைக்கட்டு சுமக்க மறுத்தேன். அத்தோடு என் ஆய்வு நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. இந்தப் படித்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு அதனால்தானே கிடைத்தது.

கட்டுரையின் கடைசியில் ஒரு ஊரையே சாட்சிக்கு அழைத்திருப்பார்கள். அதில் ஒருவரையும் இவர்கள் படித்திருக்க மாட்டார்கள். இன்னொருத்தர் பட்டியலிலிருந்து எடுத்தது. அவர் வேறொருத்தரிடமிருந்து எடுத்தது. யாரோ செய்த எழுத்துப்பிழைகூட அப்படியே வாழையடி வாழையாக இறங்கி வரும். ஒருமுறை ஒருவர் கேட்ட ரெஃபரன்ஸ் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. நானே ஒன்று செய்து வைத்தேன். ஆசிரியர், தலைப்பு, தொகுதி, பக்கம், எல்லாம். கட்டுரை அச்சாகி வந்தது. யாரும் கேட்கவில்லை. பிறகு தேவைப்படும்போதெல்லாம் செய்தேன். இப்போது இப்படி ஏதாவது அகப்பட்டால் ஏஐ உளறிவிட்டது என்று கம்ப்யூட்டர்மேல் பழிபோடுகிறார்கள். என்னுடையவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது.

பேராசிரியர் ராஜராஜன் என் பழைய வாடிக்கையாளர். பூச்சியியல். பேன்ட் நனையும் என்று வரப்பிலேயே நின்று வயலோடு போட்டோ எடுத்துக்கொள்கிறவர். சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு இரண்டு மருந்துகளைக் கலந்து அடிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: மருந்தடித்த அடுத்த நாளே ஆட்கள் வயலில் இறங்கலாம். இதற்கு ஆதாரம் என்ன என்று இதழிலிருந்து கேட்டிருந்தார்கள். எனக்கு போன் செய்தார்.

"பஞ்சநதம், அந்த வரிக்கு ஒரு ரெஃபரன்ஸ் போட்டுடுங்க."

"எந்தக் கட்டுரை சார்?"

"உங்களுக்குத் தெரியாததா? பொருத்தமா ஒன்னு பாத்துப் போடுங்க."

பார்த்தேன். உண்மையில் ஒரே ஒரு கட்டுரைதான் இருந்தது. அந்தக் கலவை நெல் இலையில் தங்கிவிடும், தோல் வழியாக உடம்பில் ஏறும், நான்கு நாளைக்கு யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று அதில் இருந்தது. நன்றாக எழுதப்பட்ட கட்டுரை. முழுவதும் படித்துவிட்டு மூடி வைத்தேன்.

ராஜராஜனிடம் சொல்லியிருக்கலாம். அவர் அந்த வரியை மாற்றியிருப்பார், நல்ல பெயரும் அவருக்கே போயிருக்கும். அவரைத் திருத்துவது என் வேலையில்லை. இதழ்க்காரர்கள் தேடிப் பார்க்கட்டும், அவர் மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு நல்ல இதழின் பெயர், இரண்டு ஜப்பானிய ஆசிரியர்கள், ஒரு தொகுதி எண், பக்க எண்கள். எல்லாம் நானே செய்தது. பட்டியலில் அதற்குரிய இடத்தில் பொருத்தினேன். யாரும் தேடவில்லை. கட்டுரை வெளிவந்தது. ராஜராஜனுக்குக் கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள்.

அதையே விவசாயிகளுக்குத் தமிழில் நோட்டீஸாகப் போட வேண்டும் என்று கொண்டுவந்தார். என் கடையில்தான் டைப் செய்தது. செய்தவள் பூவிழி. அம்மாப்பேட்டைப் பக்கத்துப் பெண், ஒரு குழந்தைக்குத் தாய், எங்கள் கடையில் பல வருஷமாக வேலை பார்ப்பவள். அவள் அம்மா அம்சவல்லி நடவுக்கும் களைக்கும் போய்த்தான் மகளைப் படிக்கவைத்தார். தாளின் அடியில் என் ஜப்பானியர்கள் இருவரும் பொடி எழுத்தில் நின்றார்கள். பூவிழி தன் ஊருக்கும் சில நோட்டீஸ் எடுத்துப் போனாள்.

ஐப்பசியில் அவள் ஊரில் ஒருவர் தன் வயலுக்கு அந்தக் கலவையை அடித்தார். மறுநாள் களையெடுக்கப் பெண்களை இறக்கினார். மத்தியானம் அம்சவல்லி கண் மங்குகிறது என்று கரையேறினார். வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது. மற்ற பெண்களுக்கு மயக்கத்தோடு போயிற்று. இவருக்கு வயது அதிகம், காலில் ஆறாத சேற்றுப்புண் வேறு. ஆஸ்பத்திரியில், மருந்து குடித்தாரா, வீட்டில் சண்டையா என்றுதான் முதலில் கேட்டார்களாம். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். மாலை வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன்.

கருமாதி முடிந்து பூவிழி வேலைக்கு வந்தாள். பையை வைத்தவுடன் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், நோட்டீஸ்ல அடியில போட்டிருக்கே, அந்தக் கட்டுரை எனக்கு வேணும். நீங்க படிச்சுச் சொல்லுங்க. எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

தேடித் தருகிறேன் என்றேன். தினமும் கேட்டாள். ஏதேதோ சாக்குச் சொன்னேன். கடைசியில் அவளே தேடினாள். அந்தத் தொகுதியை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரின்ட் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பக்கத்துல மீன் குட்டையப் பத்தி இருக்கு சார். அந்த ரெண்டு பேரும் எங்கயுமே இல்ல."

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் என் ரெஃபரன்ஸ் ஒன்றைத் தேடிப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். இதழ்க்காரர், பேராசிரியர், பொன்னாடை போர்த்தியவர் யாருக்கும் அது தோன்றவில்லை. நியாயப்படி நீங்கள் விசாரிக்க வேண்டியது அவர்களை. அந்த வரி என்னுடையது அல்ல. மருந்தை நான் அடிக்கவில்லை.

அம்சவல்லி வயலில் இறங்கப் போவது எனக்கு முன்னமே தெரியுமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும்.

அவர் இறங்கியதற்கு முந்தைய நாள் ராஜராஜன் கடைக்கு வந்திருந்தார். அவருடைய அடுத்த கட்டுரை விஷயமாக. பூவிழிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு எங்களிடம் வந்தாள்.

"சார், எங்க ஊர்ல இன்னைக்குக் காலைல அந்த மருந்த அடிச்சிருக்காங்களாம். நாளைக்கே களைக்கு வரச் சொல்றாங்கன்னு அம்மா கேக்குறாங்க. போகலாமா?"

ராஜராஜன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதான் நோட்டீஸ்லயே போட்டிருக்கேம்மா. தாராளமாப் போகலாம்."

பூவிழி அவரை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க சார். எல்லாத்தையும் படிக்கிறது நீங்கதானே."

அந்த நான்கு நாள் கட்டுரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"போகலாம்மா" என்றேன்.

அவள் நிம்மதியாகப் போய் அம்மாவிடம் போனில் சொன்னாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஒரு பேராசிரியரை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள் அல்லவா? அதை அவர் கவனித்தாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.