றொபின்சன் என்று சொன்னவர்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். பிறகு சிரிப்பு வராது.

இரண்டாயிரத்துப் பதினொன்று, மாசி மாதம். இரவு ஒன்றரை மணி. பாரிஸ் லா சப்பலில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவி முடித்து, கடைசி மெத்ரோ ரயிலையும் தவறவிட்டு, கால்வாய்க் கரையால் தனியே நடந்து வந்தார் வலன்ரைன். என்னோடு வேலை செய்கிற புஸ்பராணி அக்காவின் தம்பி. மன்னாரில் கடல் தொழில் செய்தவர். இங்கே விசா இல்லை. அக்காவின் கணவர் றொபின்சனின் விசா கார்டில்தான் வேலை. முதலாளியும் அவரை றொபின்சன் என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் மேளச் சத்தம். டம்... டம்... பிறகு தார் மணம். உப்பு மணம். நல்ல தண்ணீர்க் கால்வாயில் உப்பு எப்படி மணக்கும்?

பாலத்தடியில் ஒரு கப்பல். மூன்று பாய்மரம். ஒரு விளக்குக்கூட இல்லை. கரையில் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் பெரிய கொப்பி விரித்து, நீலக் கோட்டுக்காரன் ஒருவன்.

பாய்க்கப்பல் காலத்தில் போர்க்கப்பலுக்கு இப்படித்தான் ஆள் எடுப்பார்களாம். மேளம் அடிப்பார்கள். கொப்பியில் பெயர் விழுந்தால் ஏறத்தான் வேண்டும்.

அவன் வலன்ரைனின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான். தலையாட்டினான். பிரெஞ்சில் பெயர் கேட்டான்.

ஊரில் சண்டைக்கு ஆள் பிடித்தவர்களைக் கண்டவர் வலன்ரைன். சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று தெரியும். அதோடு, இரண்டு வருடமாக யார் கேட்டாலும் வாயில் வருவது ஒரே பெயர்.

"றொபின்சன்."

பேனா கிறீச்... கிறீச் என்றது. அவர் நிமிர்ந்தபோது கப்பலும் இல்லை, ஆளும் இல்லை.

காலையில், நகரத்துக்கு வெளியே செவ்ரானில் இருக்கிற அக்காவின் போன்.

"தம்பி, அத்தானைக் காணேல்லையடா. கதவு உள்ளுக்காலை சங்கிலி போட்டபடி கிடக்கு. கட்டில் முழுக்கத் தண்ணி... வாயிலை வச்சுப் பாத்தன். உப்பு."

அது ஐந்தாம் மாடி.

வலன்ரைன் போய் நடந்ததைச் சொன்னார். அக்கா அழவில்லை. ஏசவுமில்லை. "பொலிசுக்குச் சொன்னா உன்ரை வேலையும் போயிடும். பிள்ளையள் இருக்கு," என்றார். இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள். அவர் வேலைக்குப் போனார். மூன்று வருடம் அக்காவின் வீட்டிலேயே வந்து இருந்து, அந்தக் கார்டிலேயே போனார்.

பிறகு கார்ட் முடிகிற நாள் வந்தது. புதுப்பிக்க ஆள் விசாக் கந்தோருக்கு நேரே போகவேண்டும். பத்து விரலும் கண்ணாடியில் வைக்கவேண்டும். றொபின்சன் அகதியாக வந்தபோது கொடுத்த ரேகை அங்கே இருக்கிறது. பிடிபட்டால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். போகாவிட்டால் வேலை இல்லை, பிள்ளைகளுக்குச் சோறும் இல்லை. அக்கா சேர்ட்டை அயர்ன் பண்ணிக் கொடுத்தார். அவர் போனார்.

விரல்களை வைத்தார். உள்ளே இருந்த பெண் திரையைப் பார்த்தாள்... திரும்பவும் பார்த்தாள்...

"மெர்சி, மிசியே றொபின்சன்."

ஒத்துப்போய்விட்டது. பத்து விரலும்.

வீட்டுக்கு வந்து சொன்னார். முகத்தில் பயமும் இல்லை, சந்தோசமும் இல்லை. அக்கா கதவடியில் நின்று கேட்டார்:

"அப்ப... கப்பலிலை நிக்கிறது ஆர்?"

அவர் சப்பாத்தைக் கழற்றி, அத்தானுக்கென்று மூன்று வருடமாக ஒருவரும் தொடாமல் வெறுமையாக விட்டிருந்த சப்பாத்துத் தட்டில் வைத்தார்.