நண்பன் மார்பில் என் பெயர்

பல்லைப் பிடுங்குவதே தொழிலாக இருந்தும் இந்த ஓட்டச் சங்கத்தில் ஒருவரைக்கூடப் பிடுங்கி எறியாமல் காத்துவரும் தலைவர் பல் டாக்டர் அவர்களே, அறுபதைத் தாண்டியும் வாராவாரம் என்னைத் தாண்டிப் போய் முதுகு காட்டும் மூத்தவர்களே, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே “இதெல்லாம் உங்களுக்குத் தேவையா?” என்று கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, நாளைக் காலை முதன்முதலாக இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப்போகிற இளைஞர்களே, எல்லோருக்கும் இந்த ஆமையின் வணக்கம்.

ஆமை என்று அடக்கத்தால் சொல்லவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என் பட்டமே அதுதான். நான் முடிவுக்கோட்டைத் தொடும்போது அங்கே கோடு இருக்காது. கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றியிருப்பார்கள். அப்படிப்பட்டவனை அறிவுரை சொல்ல ஏன் அழைத்தார்கள்? முன்னால் ஓடுபவன் சாலையைப் பார்க்கிறான். பின்னால் ஓடுபவன் ஓடுபவர்களைப் பார்க்கிறான். யார் எங்கே உட்கார்ந்தார், யார் எந்த மரத்தடியில் வாந்தி எடுத்தார், எல்லாம் என் கணக்கில் இருக்கிறது.

நம் சங்கத்து வங்கி மேலாளர் ஒருவர், பெயர் வேண்டாம், போட்டோ எடுப்பவர் நிற்கிறார் என்று முதல் இரண்டு கிலோமீட்டரைச் சிறுத்தையாகப் பறந்தார். பத்தாவது கிலோமீட்டரில் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். “என்ன சார், சொந்தமா?” என்று கேட்டுவிட்டுக் கடந்தேன். என் வாழ்நாளில் நான் முந்திய ஒரே ஆள். நான்காம் வரிசையில் குனிந்து ஷூ கயிறு கட்டுகிறாரே, அவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஆகவே அன்பர்களே, முதல் மூன்று கிலோமீட்டரைப் பக்கத்தில் வருபவரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே ஓடுங்கள். வம்பு பேச மூச்சு இல்லையா? வேகம் அதிகம் என்று அர்த்தம். புது ஷூவைப் பந்தயத்தன்று போடாதீர்கள். அது உங்கள் காலைக் கடித்துத்தான் தன் கன்னிப்பயணத்தைக் கொண்டாடும். ஆறு மாதம் சோம்பிவிட்டு ஆறு நாளில் சேர்த்துப் பிடிக்காதீர்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் ஓடாதீர்கள்.

இந்தக் கடைசி வரிக்கு யாரும் கைதட்டவில்லை. நல்லது. இதற்கு மேல் கைதட்ட வேண்டாம்.

போன வருடம் இதே மேடைக்கு எதிரே, மூன்றாம் வரிசை ஓரத்தில், என் நண்பன் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி ஏறி லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, படியிலேயே இறங்கி வருபவன். “ஏண்டா, நீ ரிப்பேர் பண்ணதுல உனக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பேன். “இறங்கறதும் பயிற்சிதாண்டா, ஆமை” என்பான்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு எனக்கு முழங்கால் பிசகியது. மார்பில் குத்திக்கொண்டு ஓட வேண்டிய நம்பர் அட்டை கையில் இருக்கிறது, காலில் பலம் இல்லை. அவனோ வேலை மும்முரத்தில் பதிவு செய்யத் தவறியவன். நம்மிடையே ஒரு வழக்கம் உண்டே, நண்பர்களே, யாரும் மறுக்க முடியுமா? வீணாகப் போகக் கூடாது என்று நம்பர் அட்டையை அடுத்தவருக்குக் கொடுப்பது. நானும் கொடுத்தேன். அதோடு விட்டேனா? “நல்லா ஓடுடா. என் பேர்ல ஒரு நேரம் பதியட்டும். என் மைத்துனர் ஆறு வருஷமா என்னைக் கிண்டல் பண்றார்” என்றேன்.

“ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சுத் தரேன். ஆனா ரெண்டு நாளா காய்ச்சல்டா” என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இது: “ஒரு மாத்திரை போட்டுட்டு ஓடு.”

ஞாயிறு காலை. நான் சோபாவில், முழங்காலில் ஐஸ் பை, கையில் போன். அட்டையில் ஒட்டியிருக்கும் சிப் வழியாக, போனில் என் பெயர் ஓடுகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் அருமை. பத்தில் அற்புதம். பதினைந்தில் என் பெயர் அதுவரை கண்டிராத வேகம். அதைப் படம் பிடித்து மைத்துனருக்கு அனுப்பினேன். பிறகு என் பெயர் நின்றுவிட்டது. பதினெட்டாவது கிலோமீட்டர் வரவே இல்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கவலை அல்ல, கோபம். என் நேரத்தைக் கெடுக்கிறானே என்று கோபம்.

அப்போது என் மனைவியின் போன் அடித்தது. “உங்க வீட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டார்மா” என்றது ஒரு குரல்.

“என் வீட்டுக்காரர் இங்க உக்காந்து மூணாவது காப்பி கேட்டுட்டு இருக்கார். அடுத்து பேங்க் நம்பர் கேப்பீங்களா? வைங்க போனை.” வைத்துவிட்டாள். “நல்லா சொன்னே” என்று நான் சிரித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி வைத்தாள். மூன்றாவது முறை நான் எடுத்தேன். அந்தப் பக்கம் என் அட்டையின் நம்பரைப் படித்தார்கள்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். பதினேழாவது கிலோமீட்டரில் விழுந்தவனை முடிவுக்கோட்டருகே இருந்த மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். டாக்டர் அட்டையைத் திருப்பியிருக்கிறார். என் பெயர். என் ரத்த வகை. என் மனைவியின் எண். ‘உடல்நலக் குறைபாடு’ என்ற இடத்தில், என் கையெழுத்தில், ஒரே சொல்: ‘சோம்பல்’. என் நகைச்சுவை, நண்பர்களே. உங்களைச் சிரிக்க வைக்கும் அதே நகைச்சுவை. இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டவனின் மார்பில் அது குத்தியிருந்தது.

ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தார்கள், என் பெயரைச் சொல்லி, உறவினர் யாராவது வரவும் என்று. இருநூறு அடி தள்ளி, கையில் துண்டும் தண்ணீருமாக, அவன் மனைவி நின்றுகொண்டிருந்தார். கேட்டார். மூன்று முறையும் கேட்டார்.

நான் போனில் விஷயத்தைச் சொல்லி, அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் என்னிடம் அவன் மனைவி, எனக்குத் தங்கை போன்றவர், பேசினார். திட்டுவார் என்று போனேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். “உங்க பேரைத்தான் கூப்பிட்டாங்கண்ணா. ஐயோ, அண்ணனுக்கு என்னவோன்னு நெனச்சேன். போய்ப் பார்க்கலாமான்னு ரெண்டு அடி வெச்சேன். அதுக்குள்ள இவர் வந்து என்னைத் தேடினா என்ன பண்றதுன்னு நின்னுட்டேன்.”

ரத்த அழுத்தம் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். ‘முடியும்’ என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ‘முடியாது’ என்றிருந்தால் ஆறியிருப்பேன். ‘சொல்ல முடியாது’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

நர்ஸ் சொன்னது இன்னொன்று. கடைசியாக ஒரு முறை கண் திறந்தானாம். நர்ஸ் அவன் கன்னத்தைத் தட்டி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவன் இல்லை என்று தலையசைத்தானாம். “ஆக்சிஜன் மாஸ்க் வேணாங்கறார்னு நெனச்சுட்டேன் சார்” என்றார்.

அன்பர்களே, எவன் நேரத்துக்காகவும் நீங்கள் ஓட வேண்டாம். உங்கள் மைத்துனர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிப்பால் செத்தவர் இல்லை. உங்கள் வேகத்தில் ஓடுங்கள், உங்கள் உடம்போடு ஓடுங்கள், உங்கள் பெயரில் ஓடுங்கள். உடம்பு நில் என்றால் நில்லுங்கள். ஓட முடியாவிட்டால் அட்டை வீணாகட்டும். அட்டைதானே?

அந்தத் தங்கை இன்று வந்திருக்கிறார். மேடைக்குக் கூப்பிட்டோம். “மேடைக்கெல்லாம் வரலண்ணா. பேனா மட்டும் கொண்டு வரேன்” என்றார். வியர்வையில் அழியாத பேனாக்கள், ஒரு பெட்டி நிறைய. இப்போது வரிசை வரிசையாக வருகிறார். உங்கள் அட்டையைத் திருப்புங்கள். உங்கள் பெயரை எழுதுங்கள். நோயை மறைக்காமல் எழுதுங்கள். உங்களுக்காகக் காத்து நிற்பவரின் எண்ணை எழுதுங்கள். எழுதியதை அவரிடம் ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

என் அட்டையை முதலில் இந்தத் தங்கையிடம் காட்டினேன். வாங்கி, எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். “பேரு சரியா இருக்குண்ணா” என்றார்.

நாளை நான் மூன்றரை மணி நேரத்தில் வருவேன். கூடாரத்தைக் கொஞ்சம் தாமதமாகப் பிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பேச விட்ட தலைவருக்கும், சிரித்த வரைக்கும் சிரித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திய உங்களுக்கும், பேனாவோடு நிற்கும் என் தங்கைக்கும் நன்றி. எல்லோரும் அவரவர் வீட்டுக்கு, அவரவர் பெயரோடு, நடந்து போய்ச் சேருங்கள். வணக்கம்.