இலை தழைதானே, என்ன செஞ்சிடும்

தேநீர்ல சாமந்திப்பூ போட்டிருக்கீங்க ஐயா, நல்லது. கண்ணெரிச்சலுக்குக் கேக்கும். குளிர்ச்சி உடம்புக்காரங்க குடிச்சா வயித்தால போகும், அதையும் சேர்த்துச் சொல்லணும். என் வீட்டுக்காரர் போலின் எப்பவும் முதல் பாதியோட நிறுத்திக்குவார்.

நான் இந்தச் சீனத்துச் செங்டு ஊருல நாட்டு மருந்துக்கடையில வேர் நிறுத்துப் பொட்டலம் கட்டுறவ. அவர் பஸ் ஓட்டி ஓய்வானவர். மாஜோங் காய் ஆடுற மேஜையில உக்காந்து, செல்போன்ல பார்த்ததை வச்சு ஊருக்கே வைத்தியம். பிளாஸ்க்ல நாலு கோஜிப் பழத்தை மிதக்கவிட்டா நூறு வயசு இருக்கலாம்னு நம்புற கூட்டம் அது.

"அண்ணே, தூக்கமே வரல."

"ஜின்செங் வேர் சாப்பிடு."

"எனக்குத் தலை சுத்துதுண்ணே."

"அதுக்கும் ஜின்செங்தான்டா."

"ஆளைப் பார்த்துச் சொல்லுங்க"ன்னா, "இலை தழைதானடி, என்ன செஞ்சிடும்? பொட்டலம் கட்டுறவளுக்கு வாயப் பாரு"ம்பார். மேஜையே சிரிக்கும். அரைவேக்காடுகளுக்கு வேற என்ன வரும்?

கீழ்வீட்டு சோங் அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு. ஜின்செங் அதை இன்னும் ஏத்திவிடும். இவர் பேச்சைக் கேட்டு ஜின்செங்கை அள்ளித் தின்னு, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துடுச்சு. போலின் அப்பவும் வெக்கப்படல. "அவன் தலையெழுத்து"ன்னுட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனார். இந்த மனுஷன் இன்னும் எத்தனை பேரைச் சாய்ப்பார்னு யோசிச்சேன். முடிவு பண்ணிட்டேன்.

குளிர் வந்ததும் அவருக்கு முழங்கால் வலி. எங்க கடை வைத்தியர் ஃபூசி வேரும் சேர்த்து எழுதினார். விஷ வேர் அது, நல்லாக் கொதிச்சாத்தான் விஷம் முறியும். தனியாக் கட்டி, "இதை மட்டும் முதல்ல நெடுநேரம் கொதிக்கவிடுங்க"ன்னு வாயால சொல்லிக் கொடுக்கிறது எங்க தொழில் முறை. நான் எல்லாத்தையும் ஒரே பொட்டலமாக் கட்டினேன். வேரைக் கொஞ்சம் தாராளமாவே போட்டேன். வாயே திறக்கல.

ரொம்பக் கொதிச்சா சத்துப் போயிடும்னு அவரே ஒரு கொதியில இறக்கிக் குடிச்சார். நான் பக்கத்துல பூண்டு உரிச்சிட்டிருந்தேன். "உதடு மரத்துப்போகுதுடி"ன்னார். "இலை தழைதானே, உக்காருங்க"ன்னேன். பேச்சும் மூச்சும் நின்னப்புறம்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

சக்கையைக் குப்பையில போட்டிருந்தா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன். நாலு பேர் மிதிச்சா நோய் அவங்களோட போயிடும்னு எங்க தெருவுல கஷாயச் சக்கையை ரோட்டுலதான் கொட்டுவாங்க. அந்த மடத்தனத்தை வாழ்நாளெல்லாம் கேலி பண்ணவ நான். அன்னைக்குன்னு பார்த்து, கை பாட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிடுச்சு. உங்க போலீஸ் ஆளுங்க அங்கேர்ந்துதான் வேரைப் பொறுக்கினாங்க.

சோங் அண்ணனுக்கு அந்த ஜின்செங்கை யார் நிறுத்துக் கொடுத்ததுன்னு கேக்குறீங்க. நான்தான். அவருக்குக் கொதிப்பு இருக்குன்னும் தெரியும். வேணாம்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லித் தடுத்திருந்தா, போலின் சொன்னது தப்புன்னு ஊருக்கு எப்படி ஐயா தெரியும்?