நாலரை மணி வரை காத்திருந்தோம்

அந்தச் சுவர்க் கடிகாரத்தின் விளிம்பு பச்சையா நீலமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முப்பது வருடம் ஆகிவிட்டது. அச்சகத்துக்குப் பிழை திருத்திக்கொடுத்து வாழ்ந்தவன் நான். சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போவது எங்கள் வழக்கம். இதை எழுதும்போதும் அப்படிச் சில இடங்கள் வரும். முக்கியமான இடங்களில் வராது.

போன வருடம் என் மகளின் வழக்குக்காக நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பேரன் யாரிடம் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று விசாரித்து நீதிமன்றத்துக்கு எழுதுவது உங்கள் வேலை. அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. நான் அதிகம் பேசாதவன். நாள் முழுக்க முன்னறையில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருப்பேன். அவள் வார்டிலிருந்து ஒரு நாளின் கதைகளோடு வருவாள். சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், ஆனால் கேட்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சொன்னாள், "இந்த வீட்டுல உங்ககிட்ட பேசுறதுக்குச் சுவரே தேவலை. அதாச்சும் எதிரொலிக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த மாதம் பெட்டியை எடுத்துக்கொண்டு நர்ஸ் குடியிருப்புக்குப் போய்விட்டாள்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் பாப்பா என்று கூப்பிடுவேன். அவள் அம்மாவுக்கு மட்டும் அவள் வாலு.

நர்ஸ் குடியிருப்பில் குழந்தையை வைத்துக்கொள்ள இடமில்லை. அதனால் முதல் ஆறு மாதம் பாப்பா என்னிடம் இருக்க வேண்டும், புதன்கிழமையும் சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு அம்மா வந்து கூட்டிப்போய் ஏழு மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும் என்று உத்தரவானது. வர நேரமானால் அரை மணி காத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் வரவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஆறு மாதம் கழித்து நீதிமன்ற ஆலோசகர் நோட்டைப் பார்ப்பார், குழந்தையிடம் பேசுவார். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், வாரத்தில் மூன்று இரவு பாப்பா அம்மா வீட்டில். அதற்காக அவள் தனி வீடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று இரவு. நான் வாசிப்பவன். ஒரு புத்தகத்தில் பாதிப் பக்கங்களை எடுத்துவிட்டு மீதியைக் கையில் கொடுத்தால் அதைப் புத்தகம் என்று சொல்ல எனக்கு வராது. இது நியாயமான கவலைதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் தடவை நடந்தது தவறுதலாக. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சனிக்கிழமை பாப்பாவுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்தையே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பித் திருப்பி, பெரிய முள் எங்கே, சின்ன முள் எங்கே என்று கேட்டேன். பட்டென்று பிடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. அவசரத்தில் கடிகாரத்தை அப்படியே மாட்டிவிட்டு ஓடினேன். கைக்கடிகாரம் மேஜை இழுப்பறையில் கிடந்தது. எழுதும்போது வார் தாளில் உரசும் என்று கழற்றி வைப்பேன்.

பாப்பா சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்தாள். புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தை. கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு ஆச்சு என்றாள். நாலு பத்து என்றாள். சின்ன முள் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் வேட்டி நனைந்தது. நானும் அவள் அம்மா வரவில்லை என்றே நினைத்தேன். அது சத்தியம்.

பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனை மருந்துக்கடையின் உள்சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. அதில் மணி மூன்றே முக்கால்.

அங்கேயே நின்றேன். திரும்பி நடந்தால் ஐந்து நிமிடத்தில் வீடு. அவள் அம்மா வரப் பத்து நிமிடம் மீதி இருந்திருக்கும். பாப்பா என் சுண்டுவிரலைத் தன் முழுக் கையாலும் பிடித்திருந்தாள். அவள் அம்மா போன நாளிலிருந்து அப்படி யாரும் என்னைப் பிடித்ததில்லை. நான் பூங்காவுக்கே போனேன்.

ஏழரைக்குத் திரும்பியபோது கதவுக்கடியில் ஒரு சீட்டு கிடந்தது. நான் முதலில் உள்ளே போய் அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன். பிறகு எடுத்துப் படித்தேன். "நாலு மணிக்கு வந்தேன். ஏழு வரைக்கும் படில உக்காந்திருந்தேன். வாலுக்கு காச்சலா? எந்த டாக்டர்கிட்ட போயிருக்கீங்க?" காய்ச்சல் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பென்சிலால் அதைச் சேர்த்துவிட்டுத்தான் கிழித்தேன். கைப்பழக்கம்.

அதன்பிறகு நடந்தவை தவறுதலாக நடந்தவை அல்ல. பாப்பா பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவப் போகும்போது முள்ளை ஐம்பது நிமிடம் முன்னால் தள்ளுவேன். திரும்பி வந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் சரிசெய்துவிடுவேன். எல்லா நாளும் இல்லை. மூன்று முறையில் ஒருமுறை. எப்போதுமே வராத அம்மாவை யாரும் நம்பமாட்டார்கள். வந்தும் வராமலும் இருக்கும் அம்மாவை எல்லோரும் நம்புவார்கள். அதிலும் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள்.

நான் பாப்பாவைப் பொய் சொல்லச் சொன்னதே இல்லை. அம்மாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவள் காதில் விழ விட்டதில்லை. பிரிந்து வாழும் பலர் செய்கிற தப்பு அது. நோட்டில், "நாலரை மணி வரை காத்திருந்தோம். வரவில்லை" என்று எழுதுவேன். கீழே தானும் பெயர் எழுதுகிறேன் என்று அவள்தான் கேட்டாள். கோணல்மாணலாக எழுதினாள்.

பூங்காவில் ஒருநாள் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி கேட்டாள், "ஏம்ப்பா, அம்மா வராத அன்னைக்கு மட்டும் சாயங்காலம் ரொம்ப நீளமா இருக்கு?"

"ஏமாந்த அன்னைக்கு அப்படித்தான்மா இருக்கும்" என்றேன். தலையாட்டிக்கொண்டாள். எது சொன்னாலும் யோசித்துத் தலையாட்டுகிற குழந்தை.

அம்மா வருகிற நாட்கள்தான் கஷ்டம். ஒரு புதன்கிழமை என்று நினைவு. சனிக்கிழமையாகவும் இருக்கலாம். நான் முன்னறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. என் மனைவி யூனிஃபார்மோடு வந்து பாப்பாவின் முன் குந்தி உட்கார்ந்தாள்.

"வாலு, செருப்பை மாட்டு. போலாமா?"

"போன தடவை ஏன் வரல?"

"வந்தேன்டி. கதவு பூட்டியிருந்துச்சு."

"பொய். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நாலரை ஆச்சு."

"நாலு மணிக்கே வந்துட்டேன் தங்கம்."

"எனக்கு மணி பாக்கத் தெரியும்" என்றாள் பாப்பா. கோபமாகச் சொல்லவில்லை. சும்மா ஒரு தகவலாகச் சொன்னாள்.

என் பென்சில் ஒரு வரியிலேயே நின்றிருந்தது. அவள் அம்மா எழுந்து வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். "என்னதான் பண்றீங்க நீங்க?" என்று கேட்டாள். நான் தாளைப் பார்த்தேன். அவளே, "பதில் வராதுன்னு தெரிஞ்சும் கேக்கிறேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று பாப்பாவின் கையைப் பிடித்தாள். பாப்பா கையை உருவிக்கொண்டு தானாக நடந்தாள்.

அடுத்த முறை வந்தபோது என் மனைவியின் சட்டையில் குத்தியிருந்த கடிகாரம் புதிதாக இருந்தது. நர்ஸ்கள் நாடி பார்ப்பதற்காகத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார்களே, அது. பழையது பின்தங்கி ஓடுகிறது போலிருக்கிறது என்று யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னாள். ஒரு நர்ஸின் கடிகாரம். அதை வைத்துத்தான் அவள் பத்து வருடமாக மற்றவர்களின் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அடுத்த இரண்டு முறை முள்ளைத் தொடவில்லை.

ஒரேயொரு தடவை மாட்டிக்கொண்டிருக்க வேண்டியது. பாப்பாவின் செருப்பு வார் அறுந்துபோய், ஊக்கு தேடிப் போட நேரமாகிவிட்டது. அன்று அவள் அம்மாவும் சீக்கிரம் வந்துவிட்டாள். நாங்கள் பின்பக்கப் படியில் பாதி இறங்கியிருக்கும்போது மேலே எங்கள் வீட்டு மணி அடித்தது. விட்டு விட்டு மூன்று முறை.

பாப்பா நின்றுவிட்டாள். "அப்பா, யாரோ வந்திருக்காங்க."

"பக்கத்து வீட்டுக்கும்மா."

"நம்ம வீட்டு பெல் மாதிரி இருக்கு."

 அவள் என் முகத்தைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். மறுபடியும் மணி அடித்தது. "அம்மா நாலரைக்கு அப்புறம் வந்தா, அது வந்த கணக்கு இல்லல்லப்பா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"அப்ப போலாம்" என்று அவள்தான் முதலில் இறங்கினாள். நான் அவளை இழுக்கவில்லை.

ஆறு மாதத்தில் ஐம்பத்திரண்டு முறை வர வேண்டியவள் பதினேழு முறை வரவில்லை என்று நோட்டில் இருந்தது. ஆலோசகர் அனுபவப்பட்ட அம்மாள். அப்பா சொல்லிக்கொடுத்துப் பேசும் குழந்தைகளை நிறையப் பார்த்தவர். பாப்பாவை அருகில் உட்காரவைத்து ஒரு தாளில் வட்டம் போட்டார். "கண்ணு, நாலரைன்னா எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டு பாப்போம்." பாப்பா வரைந்தாள். சின்ன முள்ளை நாலில் வைக்காமல், நாலுக்கும் ஐந்துக்கும் சரிபாதியில் வைத்தாள். ஆலோசகர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள் என்று எழுதினார். அது சரியான முடிவு. அவர்மேல் குற்றமில்லை.

ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று என் மனைவியிடம் கேட்டார்கள். அவள் அழுவாள், கத்துவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் அந்தத் தாளில் இருந்த வட்டத்தையே பார்த்தாள்.

"என் பொண்ணு பொய் சொல்லமாட்டா மேடம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "நானும் சொல்லல" என்றாள்.

 அந்த அறையில் அன்று பொய் சொல்லாதவர்கள் இரண்டு பேர். அவர்கள் ஒருவருக்கொருவர் எதிராக உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.

மூன்று இரவு கிடைக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, அலுவலக அறையில், ஒருவர் உடனிருக்க, இரண்டு மணி நேரம் என்றானது. பாப்பா போகமாட்டேன் என்றாள். அவளாகத்தான் சொன்னாள். நான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவேன். அவள் அந்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடம் அப்படிப் போனது. கடைசியாக வந்த அன்று என் மனைவி வெளியே வந்து என்னிடம், "இனிமே கூட்டிட்டு வராதீங்க. அவளை அழவச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்லை" என்றாள். பிறகு, "ராத்திரி போர்வையை உதைச்சிடுவா, பாத்துக்கோங்க" என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அவள் போன பிறகு பாப்பா போர்வையை உதைப்பதை நிறுத்திவிட்டாள். இரவு முழுக்க அசையாமல் படுத்திருப்பாள்.

நல்லபடியாக வளர்ந்தாள். யாருக்காகவும் காத்திருக்கமாட்டாள். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுவாள். மாப்பிள்ளை நல்ல மனிதர், கொஞ்சம் மறதிக்காரர். நாலு மணிக்கு வருகிறேன் என்று நாலேகாலுக்கு வருகிற ரகம். இதற்கெல்லாமா ஒரு பெண் பிரிவாள் என்று பலர் கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

நீங்கள் வந்த அன்று அவள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையைப் பாதி நாள் அவன் அப்பாவிடம் விட முடியாது என்றாள். "வராதவங்களுக்காகச் செருப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்த பிள்ளை நான். என் பையன் அப்படி உக்காரக் கூடாது மேடம்." நீங்கள் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, "நிஜமாவே அவங்க அம்மா வரவே இல்லையாங்க?" என்று கேட்டீர்கள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரன் என் காலடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். துக்கம்தான், அதில் சந்தேகமில்லை.

அவள் வந்தாள். ஒவ்வொரு முறையும் வந்தாள். ஒருநாள்கூட நேரம் தவறியதில்லை. இதுதான் பதில்.

தீர்ப்பு முடிந்து, மேல்முறையீட்டுக்கான நாட்களும் கடந்துவிட்ட பிறகு எழுதுகிறேன். முன்பே எழுதியிருந்தால் தேவையில்லாத குழப்பம் வந்திருக்கும். இதை என் மகளிடம் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு வேதனையாக இருக்கும்.

என் மனைவி ஒன்பது வருடத்துக்கு முன், வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். தகவல் வந்தபோது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. நான் மட்டும் போய், கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். ஆலோசகர் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிறது, இருக்கிறாரா என்று தெரியாது. அச்சகம் கைமாறிவிட்டது. மாப்பிள்ளை வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாதம் ஒருமுறை வருகிறார். பேரன் எங்களோடு இருக்கிறான், நன்றாகப் படிக்கிறான், அவனும் அதிகம் பேசுவதில்லை. மகள் என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள். தன்னை ஒருநாளும் ஏமாற்றாத ஒரே மனிதர் அப்பாதான் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.